பழைய ஜப்பானிய சினிமாவின் ஓய்வுபெற்ற நடிகர் ஒருவரோடு பழகுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1958ஆம் ஆண்டில் ஜப்பானியத் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகள் ஏறத்தாழ 112 கோடி. அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை பத்துக் கோடிகூட இல்லை. கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொருவரும் மாதம் ஒரு படம் பார்த்த கணக்கு அது. 1960இல் மட்டும் அங்கே 547 படங்கள் தயாராயின. அந்தப் படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் குடை பிடித்தவர், தெருவில் மீன் விற்றவர், வாள்வீச்சில் விழுந்து செத்தவர், தேநீர்த் தட்டை வைத்துவிட்டுக் கதவை ஓசையில்லாமல் இழுத்து மூடியவர் என்று எத்தனையோ பேர் நடித்தார்கள். அன்று இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எண்பத்தைந்துக்குக் குறையாது. குழந்தை நட்சத்திரமாக வந்தவரே எழுபதுகளில் இருப்பார்.

இந்தக் கணக்கைப் போட்டதும், இருப்பவர்கள் போய்விடுவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் ஜப்பானிய முதியவர் ஒருவரோடு பழகுவதில் அவசரத்தைப் போலக் கெடுதல் செய்வது வேறொன்றும் இல்லை. வேலை நிமித்தம் கியோட்டோவில் தங்கியிருந்த ஆண்டுகளில், வரலாற்றுப் படங்களில் சிறு வேடங்கள் செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரோடு எனக்கு நட்பு ஏற்பட்டது. அதில் நான் சரியாகச் செய்தவற்றையும் தவறாகச் செய்து திருத்திக்கொண்டவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

யாரைத் தேடுவது

முதலில், யாரைத் தேடக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களால் உலகப் புகழ்பெற்ற செட்சுகோ ஹாரா, 1960களின் தொடக்கத்தில் திரையுலகை விட்டு விலகி, காமாகுராவில் வாழ்ந்த அரை நூற்றாண்டு காலமும் பொதுவெளிக்கு வராமலே இருந்தார். 2015 செப்டம்பர் 5 அன்று அவர் காலமானார். அந்தச் செய்தி வெளியே தெரிந்ததே நவம்பர் 25 அன்றுதான். அவர் மனமறிந்து சாத்திய கதவு அது. அவரைப் போல விலகியிருப்பவர் எவராயினும், அவர் வீட்டுத் தெருவுக்குப் போய் நிற்காமல் இருப்பதே நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை. ஓய்வு பெற்றவர் என்றால் வேலையை மட்டும் விட்டவர் உண்டு, வேலையோடு அந்த உலகத்தையே விட்டவர் உண்டு. நீங்கள் தேட வேண்டியது முதல் வகையினரை.

அவர்களிலும், புகழ்பெற்ற நட்சத்திரங்களைக் காட்டிலும் ‘ஓபேயா’ நடிகர்களை நாடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஓபேயா என்றால் பெரிய அறை. தனி ஒப்பனை அறை கிடைக்காத சிறு நடிகர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்து வேடம் போட்டதால் வந்த பெயர் இது. கியோட்டோவின் உசுமாசா பகுதியில் உள்ள டோயெய் படப்பிடிப்புத் தளத்தில் 1959இல் பதினைந்து வயதில் சேர்ந்த செய்சோ ஃபுகுமோதோ இந்த மரபைச் சேர்ந்தவர். வாள் சண்டையில் வெட்டுப்பட்டு விழுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, ஐம்பதாயிரம் முறை வெட்டுப்பட்ட மனிதர் என்று பெயர் வாங்கி, 2014இல் வெளியான படத்தில், எழுபது வயதை எட்டிய பிறகுதான் முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்தார். ‘காட்ஜில்லா’வின் உடைக்குள் இருந்து நடந்த ஹருவோ நகாஜிமாவின் முகம் 1954இல் அந்த உடைக்குள் மறைந்திருந்தது, முதுமையில் அவரைக் காண அமெரிக்காவில் ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். இருவரும் இப்போது இல்லை. ஆனால் அவர்களோடு அதே அறையில் கண்ணாடி பார்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் பலரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

போவதற்கு முன் படிக்க வேண்டியவை

ஒருவரைத் தேர்ந்துகொண்ட பிறகு, அவர் நடித்த படங்களில் கிடைக்கும் அத்தனையையும் பார்த்துவிடுங்கள். ஒரு முறை கதைக்காகவும், மறு முறை அவருக்காக மட்டுமும் பாருங்கள். சிறு நடிகர்களின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் வராமலே போயிருக்கலாம் என்பதால், முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

டோக்கியோவின் கியோபாஷியில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் திரையிடலோடு ஒரு நூலகமும் உண்டு. 1958இல் தொடங்கிய ஷோச்சிகு ஓதானி நூலகத்தில் பழைய திரைக்கதைப் பிரதிகளையும் நிழற்படங்களையும் பார்க்கலாம். ஜிம்போச்சோ புத்தகக் கடை வீதியில் 1918 முதல் இருக்கும் யாகுச்சி ஷோடென், சினிமா, நாடக நூல்களுக்கென்றே பெயர் பெற்ற பழைய புத்தகக் கடை. அசாகுசாவில் 1921இல் தொடங்கிய மருபெருதோவில் அக்கால நட்சத்திரங்களின் புகைப்பட அட்டைகள் இன்றும் விற்பனைக்கு உண்டு.

பெயர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஜப்பானிய எழுத்துகளை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வாசிக்க முடியும். சாய்தோ என்ற ஒரே குடும்பப் பெயரை எழுதுவதற்கே பல வடிவங்கள் உள்ளன. நடிகருக்கு மேடைப் பெயர் ஒன்றும் இயற்பெயர் ஒன்றும் இருக்கும். அவர் எந்தப் பெயரால் திரையில் அறியப்பட்டாரோ அந்தப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழையுங்கள். இயற்பெயர் தெரிந்தாலும் அவராகச் சொல்லும் வரை அதை வாயில் எடுக்காதீர்கள்.

முதல் பார்வை

பழைய படங்களைத் தொடர்ந்து திரையிடும் சிறு அரங்குகள் டோக்கியோவில் சில உண்டு. ஷிபுயாவின் சினிமா வெரா, ஜிம்போச்சோ தியேட்டர், அசாகயாவின் லப்யுதா ஆகியவை அவற்றில் சில. இவ்வாறான அரங்குகளில் சில நாட்களில் அந்தப் படத்தில் நடித்தவர் வந்து பேசுவார். கியோட்டோவில் இருப்பவர்கள் உசுமாசா பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் காத்து நின்று மறிப்பதற்கு ‘தெமாச்சி’ என்று பெயர், அதைச் செய்யாதீர்கள். நிகழ்ச்சியாளர்கள் கையெழுத்துக்கு நேரம் ஒதுக்கியிருந்தால் மட்டும் வரிசையில் நில்லுங்கள்.

கையெழுத்து வாங்க ‘ஷிகிஷி’ என்ற கெட்டிச் சதுர அட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒன்றே ஒன்று. அதில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதித் தரும்படி கேட்பது நல்லது, ஏனெனில் பெயர் எழுதிய அட்டை விலைக்குப் போகாது. அதைக் கேட்பவர் விற்பதற்காக வாங்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். உங்கள் பெயரை அவர்கள் எழுத்தில் முன்கூட்டியே ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தால் அவருக்குச் சிரமம் குறையும்.

கடிதம்

உண்மையான பழக்கம் கடிதத்தில்தான் தொடங்குகிறது. அவர் பணிகளைக் கவனிக்கும் நிறுவனம் இருந்தால் அதன் முகவரிக்கு, அவர் பெயரைக் குறித்து அனுப்புங்கள். இல்லையென்றால், அவர் பேச வந்த திரையரங்குக்கோ, அவரைப் பேட்டி கண்ட பதிப்பகத்துக்கோ ஒரு சிறு குறிப்பு எழுதி, உள்ளே ஒட்டாத உறையில் கடிதத்தை வைத்து, பொருத்தமென்று கருதினால் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சினிமா இதழ்களில் நடிகர்களின் வீட்டு முகவரி அச்சானதுண்டு. பழைய புத்தகக் கடையில் அது கண்ணில் பட்டாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த நாளைய ரசிகர்களுக்காகத் தந்ததை இன்று நமக்குத் தந்த அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

வெள்ளை உறை, வெள்ளைத் தாள், கறுப்பு அல்லது நீல மை. சிவப்பு மை கூடவே கூடாது. பழுப்பு உறை அலுவலகக் கடிதத்துக்கு உரியது. ‘ஹாய்கெய்’ என்று தொடங்கி, பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, ‘கெய்கு’ என்று முடிப்பது அவர்கள் மரபு. உங்கள் ஜப்பானிய மொழி போதாது என்றால், தெரிந்தவரிடம் திருத்தி வாங்கி, உங்கள் கையாலேயே பெரிய எழுத்தில் படியெடுத்து எழுதுங்கள். எழுத்து கோணலாக இருப்பதில் குறையில்லை.

உள்ளடக்கம் மூன்று பத்திகளுக்கு மேல் போக வேண்டாம்: நீங்கள் யார், அவரை எந்தக் காட்சியில் கண்டீர்கள், அதில் என்ன கண்டீர்கள். ‘உங்கள் நடிப்பு அற்புதம்’ என்ற வரியை அவர் அறுபது ஆண்டுகளாகக் கேட்டிருப்பார். நான் எழுதியது இது: “படகுத்துறைச் சண்டை தொடங்கும் முன்பு நீங்கள் குனிந்து வைக்கோல் செருப்பைக் கழற்றி இடுப்புக் கச்சையில் செருகிக்கொள்கிறீர்கள். இரண்டு விநாடிதான். அது இயக்குநர் சொன்னதா, நீங்களாகச் செய்ததா?” கடிதத்தில் கேள்வி ஒன்று இருந்தால் போதும். பதில் வேண்டும் என்று எழுதாதீர்கள். சந்திக்க வேண்டும் என்றும் முதல் கடிதத்தில் எழுதாதீர்கள்.

என் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளைத் தமிழில் எழுதி, பக்கத்தில் பொருளும் கொடுத்திருந்தேன். தமிழ் என்றால் என்ன என்று தெரியாதவர்கூட, 1998இல் ஷிபுயாவில் மாதக்கணக்கில் ஓடிய ரஜினிகாந்தின் ‘முத்து’வைக் கேள்விப்பட்டிருக்கலாம், அதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதலில் 1954இலேயே சென்னையில் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார் என்ற செய்தி, பிற்பாடு ஒரு நாள் பேச்சில் அந்தப் பெரியவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. தங்கள் வேலை எவ்வளவு தூரம் போனது என்பதை அந்தத் தலைமுறைச் சிறு நடிகர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பதில் வர மூன்று மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புங்கள். அதற்கும் மறுமொழி இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். எனக்குப் பதினோரு வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. செருப்பைப் பற்றி நேரில் சொல்கிறேன் என்று எழுதி, ஒரு காப்பிக் கடையின் பெயரைக் கொடுத்திருந்தார்.

முதல் சந்திப்பு

இடத்தையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும். பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய காப்பிக் கடையாக இருக்கும். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருங்கள். வீட்டுக்கே அழைத்தால் இதற்கு நேர்மாறு: முன்னதாகப் போனால் அவர்கள் தயாராகிக்கொண்டிருப்பார்கள், ஆகவே இரண்டு மூன்று நிமிடம் பிந்திப் போவதே நாகரிகம்.

கையில் சிறு அன்பளிப்பு வேண்டும். அதற்குத் ‘தெமியாகே’ என்று பெயர். விலை கூடியதாக இருந்தால் அவர் அதற்கு ஈடாக ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற சங்கடத்துக்கு ஆளாவார் என்பதால், எளியதாகப் பாருங்கள். வயதானவர்களின் பல்லையும் தொண்டையையும் எண்ணி, மோச்சி போன்ற ஒட்டும் தின்பண்டங்களையும் முந்திரி, கடலை மிட்டாய் போன்றவற்றையும் தவிர்த்துவிடுங்கள். நான் நீலகிரித் தேயிலை கொண்டுபோனேன். எண்ணிக்கையில் நான்கு மட்டும் கூடாது. அந்த எண்ணின் ஒலியும் மரணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியும் ஒன்று. காகிதப் பையிலிருந்து பொருளை வெளியே எடுத்து, இரு கைகளாலும் கொடுங்கள். இந்த ஒன்று மட்டும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வணக்கம் சொல்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. படப்பிடிப்புத் தளங்களில் எந்த நேரமானாலும் அன்றைய முதல் சந்திப்பில் ‘ஓஹாயோ கொசாய்மாசு’, அதாவது காலை வணக்கம், என்றுதான் சொல்வார்கள். அந்தக் கடைக்குள் மாலை மூன்று மணிக்கு அவர் நுழைந்தபோது நான் எழுந்து நின்று அப்படிச் சொன்னேன். அவர் ஒரு கணம் நின்று, தொப்பியைக் கழற்றி, தளத்தில் மூத்தவர் இளையவருக்குச் சொல்லும் தொனியில் அதையே திருப்பிச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்து, தமிழ் வரியில் இருந்த ‘ழ’வின் மேல் விரலை ஓட்டி, இதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பீர்கள் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு தவறு செய்தேன். பெரிய இயக்குநர்களைப் பற்றி இருபது கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் எப்படிப்பட்டவர், இவர் எத்தனை முறை ஒரே காட்சியை எடுப்பார் என்று வரிசையாகக் கேட்கக் கேட்க, அவர் ‘சாஆ...’ என்று இழுத்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒலிக்கு, தெரியவில்லை என்றும் சொல்ல விருப்பமில்லை என்றும் பொருள் கொள்ளலாம். கும்பலில் நின்ற ஒருவரிடம் இயக்குநரைப் பற்றிக் கேட்பது, நீ இருந்தாய் என்பதற்காக மட்டுமே உன்னிடம் பேசுகிறேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். எனக்கு அது உறைக்க அரை மணி நேரம் பிடித்தது. குறிப்பேட்டை மூடிவிட்டு, கோடையில் அந்தப் பொய்முடி எவ்வளவு சூடாக இருக்கும் என்று கேட்டேன்.

அதற்கு அவர் பேசிய பேச்சில் என் காப்பி ஆறிப்போனது. முதலில் மயிரை அமுக்கித் தலையில் பட்டுத் துணியை இறுகக் கட்டுவார்கள், அதன் மேல் பொய்முடியை மாட்டுவார்கள், மாலையில் கழற்றும்போது காதுக்கு மேலே தோல் உணர்வற்றுப் போயிருக்கும் என்று தன் நெற்றியில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சண்டைக் காட்சிக்கான வாள் மூங்கிலால் செய்து வெள்ளித் தகடு ஒட்டியது, ஆனாலும் முகத்தில் பட்டால் வீங்கும் என்றார். பிறகு மேசையில் கிடந்த செய்தித்தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்து, வெட்டு என்றார். நான் தயங்கி வீசியதும், நாற்காலி முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டே முதுகை வில்லாகப் பின்னால் வளைத்து, கண்களைச் செருகி, மெல்ல மெல்லச் சரிந்தார். இறால் வளைவு என்பது அந்த விழுதலுக்குப் பெயர். முழுவதும் விழவில்லை, எண்பது வயதைத் தாண்டியவர். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பலமுறை கண்டிருப்பார் போலும்.

செருப்புக்கான விடையும் அன்றே கிடைத்தது. அந்தச் செருப்பு உடைப் பிரிவில் கணக்கெழுதி வாங்கியது. தண்ணீரில் போய்விட்டால் உடைப் பிரிவுக்காரர் திட்டுவார் என்ற பயத்தில் இடுப்பில் செருகிக்கொண்டாராம். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றாராம்.

ஆகவே கேள்விகளைத் தொழிலைச் சுற்றியே வையுங்கள்: என்ன சாப்பிட்டார்கள், எங்கே காத்திருந்தார்கள், மழைக் காட்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கூலி எந்தக் கிழமை கொடுத்தார்கள். காது மந்தமாக இருந்தால் சிறு தாளில் பெரிதாக எழுதிக் காட்டலாம், அவர்களுக்கு அது பழக்கமானதே. ஒரு மணி நேரம் ஆனதும் நீங்களே விடைபெறுங்கள்.

தொடாமல் விட வேண்டியவை

ஏன் நடிப்பை விட்டீர்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கதை இருக்கும். 1953இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் தங்கள் நடிகர்கள் பிற நிறுவனங்களில் நடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன; மீறியவர்களுக்கு எங்கும் வாய்ப்பில்லை. தாயெய் நிறுவனத்தின் முன்னணி நடிகையான ஃபுஜிகோ யமமோதோவே 1963இல் அந்நிறுவனத்தோடு பிணங்கிய பின் திரைப்படத்துக்குத் திரும்ப முடியாமல் நாடகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் போக நேர்ந்தது. பெயரில்லாதவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1971இல் தாயெய் திவாலானது. அதே ஆண்டில் நிக்காட்சு நிறுவனம் வயது வந்தோர் படங்களுக்கு மாறியது. அங்கே இருந்த பலர் அத்தோடு விலகினார்கள். டோஹோ நிறுவனத்தில் 1948இல் நடந்த வேலைநிறுத்தத்தை உடைக்கப் போலீசாரோடு அமெரிக்க ராணுவ டாங்கிகளும் வந்தன. அதில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்களின் மனக்கசப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்ததுண்டு. போர்க்காலக் குழந்தைப் பருவமும் அப்படியே. இவற்றை அவராகத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஒலிப்பதிவுக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அவர் படத்தையோ சொன்னதையோ இணையத்தில் போடுவதற்கு அனுமதி தனி. நான் இரண்டாம் ஆண்டுதான் ஒலிப்பதிவு பற்றிக் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார், எழுதிக்கொள் என்றார். வீட்டுக்குத் திரும்பும் மின்சார ரயிலிலேயே எழுதி முடித்துவிடுவேன்.

ஆண்டு முழுவதும் தொடர்வது

பிறகு நட்பை நாட்காட்டி தாங்கும். டிசம்பர் 15 முதல் 25க்குள் அஞ்சலில் சேர்த்த ‘நெங்காஜோ’ என்ற புத்தாண்டு அட்டை ஜனவரி முதல் நாள் காலையில் அவர் கைக்குப் போய்விடும். கோடையின் உச்சத்தில் நலம் விசாரித்து ஓர் அட்டை. நடுவில் அவர் படம் எங்காவது திரையிடப்பட்டால் அதன் துண்டறிக்கையை அனுப்புங்கள், அதைக் காட்டிலும் அவரை மகிழ்விப்பது எதுவும் இல்லை. எண்பத்தெட்டாம் பிறந்தநாள் ‘பெய்ஜு’. எட்டு, பத்து, எட்டு என்ற எழுத்துகளைச் சேர்த்தால் அரிசி என்ற எழுத்து வருவதால் அந்தப் பெயர். அதைக் கொண்டாடுவார்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் தொட்டிச் செடி கொண்டுபோகாதீர்கள். வேர் ஊன்றுவதைக் குறிக்கும் சொல் படுக்கையில் கிடப்பதையும் நினைவூட்டும்.

ஒரு நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு வாழ்த்துக்கு மன்னிக்கவும் என்று சாம்பல் நிற அஞ்சலட்டை ஒன்று அவர் குடும்பத்தாரிடமிருந்து வரலாம். பெரும்பாலும் இறுதிச் சடங்கைக் குடும்பத்துக்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் தெரிவிப்பார்கள். முன்பே சொல்லவில்லையே என்று வருந்தி எழுத வேண்டாம். அந்த ஆண்டு நெங்காஜோ அனுப்பக் கூடாது. ஜனவரி 7 கழிந்து பிப்ரவரி தொடக்கத்துக்குள், குளிர்கால நலம் விசாரிக்கும் ‘கன்ச்சூ மிமாய்’ என்ற அட்டையில் ஆறுதலை எழுதலாம்.

என் அட்டையில் அவர் மகளுக்கு அந்தச் செருப்புக் கதையை எழுதினேன். அப்பா வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டுப் பதில் வந்தது. ரயிலில் எழுதிய குறிப்பேடுகள் மூன்றையும் ஜப்பானிய மொழியில் நல்ல எழுத்தில் படியெடுத்து முடிக்க எனக்கு அடுத்த கோடை வரை ஆனது. முடித்ததும் பதிவுத் தபாலில் அந்த மகளுக்கு அனுப்பிவைத்தேன்.